அவளிடம் மட்டும் என்ன சொன்னார்?

எனக்குப் பொறாமையே கிடையாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நானே சொன்னாலும் நம்பாதீர்கள். அந்த வீட்டுப் புரோக்கரின் கண்ணாடி அறைக்குள் என் கணவர் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்ததை, வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. லேசாக இல்லை, திகுதிகுவென்று எரிந்தது.

இவர் பேசுகிற ஆளே இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களை எதிரே உட்காரவைத்து, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?" என்று நாள் முழுக்கக் கேட்பார். வீட்டுக்கு வந்தால் வாய்க்குப் பூட்டு. நான் மூச்சுவிடாமல் பேசினால் ஒரு "ம்" வரும். சில நாள் அந்த "ம்"முக்கும் பஞ்சம். பெண் படிக்க விடுதிக்குப் போன பிறகு எங்கள் வீட்டில் பேசுவது நானும் மிக்ஸியும்தான்.

நான் நேர் எதிர். ஒரு லேபில் ரத்தம் எடுக்கிறேன். ஊசியைப் பார்த்ததும் முகம் வெளிறுகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். அவர்கள் மருமகளைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பிப்பார்கள், அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் பஞ்சை வைத்து அமுக்கியிருப்பேன். யார் வாயிலிருந்தும் எதையும் பிடுங்கிவிடுவேன் என்று லேபில் எனக்குப் பெயர். கட்டின புருஷன் வாயிலிருந்து ஒரு வார்த்தை பிடுங்க முடியவில்லை என்பதை நான் அங்கே யாரிடமும் சொன்னதில்லை.

நாங்கள் இருந்தது வாடகை வீடு. ஓனர் தன் மகனுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, வருஷக் கடைசிக்குள் காலி பண்ணிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். "போதும்ங்க, இனிமே ஒருத்தர் காலி பண்ணச் சொல்ற வீடே வேண்டாம். சொந்தமா ஒண்ணு வாங்கிடலாம்" என்று நான்தான் சொன்னேன். "ம்" என்றார். வீடு வாங்குவது பற்றி எங்கள் இரண்டு பேருக்கும் அ, ஆ கூடத் தெரியாது. லேபில் கூட வேலை பார்க்கிறவள்தான் இந்தப் புரோக்கரைப் பற்றிச் சொன்னாள். "பொம்பள புரோக்கருடி, வாய் பேசி ஏமாத்த மாட்டாங்க" என்றாள். அன்றைக்கு அவள் நாக்கில் ஊசி போட்டிருக்க வேண்டும்.

புரோக்கருக்கு என் வயதுதான் இருக்கும். கையில் எப்போதும் ஒரு பெரிய சாவிக்கொத்து இருந்ததால் எல்லோருக்கும் அவள் சாவியக்கா, எனக்குச் சாவிக்காரி. நான் மனசுக்குள் வைத்த பெயர் வேறு, அது அச்சில் வருகிற மாதிரி இல்லை. அழகி என்று சொல்ல முடியாது. ஆனால் நாம் பேசும்போது நம் முகத்தையே பார்த்துக் கேட்பாள். அப்போது அழகாகத்தான் இருந்தாள். அதை நான் முதல் நாளே கவனித்துவிட்டேன்.

அவளுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் பெண்டாட்டியைச் சேர்த்து உட்காரவைத்துப் பேச மாட்டாள்.

"சேந்து உக்காந்தா ஒருத்தருக்காக ஒருத்தர் பொய் சொல்லுவீங்க" என்றாள். "தனித்தனியா வாங்க. ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். ரெண்டு பேருக்கும் ஒத்துவர்ற வீட்ட மட்டும் காட்டுவேன்."

முதலில் நான் போனேன். தண்ணீர் வரவேண்டும், வெயில் விழவேண்டும், பஸ்ஸுக்கு ரொம்ப நடக்கக் கூடாது, குளியலறை கொஞ்சம் வெளிச்சமாக இருக்க வேண்டும். எனக்கு வேறு என்ன சொல்ல இருக்கிறது? சட்டென்று முடிந்துவிட்டது. அப்புறம் இவர் போனார். போனவர் வரவேயில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தால், இவர் கையை ஆட்டிப் பேசுகிறார். சிரிக்கிறார். ஒரு காகிதத்தை வாங்கி என்னவோ படம் போட்டுக் காட்டுகிறார். அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறாள். எனக்குத் தெரிந்து இவர் கடைசியாக இவ்வளவு பேசியது பெண் பார்க்க வந்த அன்றைக்குத்தான். அன்றைக்கும் என்னிடம் இல்லை, என் அண்ணனிடம்.

திரும்பி வரும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்து கேட்டேன். "என்னங்க அவ்வளவு நேரம்?" பதில் இல்லை. இன்னும் உரக்கக் கேட்டேன். "ம்?" என்றார். "அவகிட்ட அவ்வளவு நேரம் என்ன பேசினீங்கன்னு கேட்டேன்!"

"வீட்டப் பத்தி" என்றார். அதோடு சரி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாவிக்காரி தன் காரில் எங்களை முதல் வீட்டுக்கு அழைத்துப் போனாள். இவர் உரிமையோடு முன்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின்சீட்டில் நான். அவள் கேட்டதற்கெல்லாம் வாய் நிறையப் பதில். நான் பின்னாலிருந்து "இந்த ரோடு மழைல நிக்குமா?" என்று கேட்டதற்கு இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏதோ வாடகைக்கு எடுத்துவந்த மூட்டை மாதிரி நான் பின்னால் கிடந்தேன்.

வீடு, உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், நன்றாகவே இருந்தது. முட்டுச்சந்தில் கடைசி வீடு. ஹால், இரண்டு படுக்கையறை. பின்பக்கம், சமையலறைக்கும் தள்ளி, ஒரு சின்ன அறை. கனமான கதவு, ஒரே ஒரு ஜன்னல்.

"சார், நீங்க இத வந்து பாருங்க" என்று சாவிக்காரி இவரை நேரே அந்த அறைக்குத்தான் கூட்டிப் போனாள். நான் ஹாலில் சுவிட்சுகளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கிறேன், கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே இவரும் அவளும். ஒரு சத்தம் வெளியே வரவில்லை. கதவில் காதை வைக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். மானம் தடுத்தது. ஆனாலும் இரண்டடி நடந்துவிட்டேன்.

கதவு திறந்தது. இவர் முகம் அப்படி மலர்ந்திருந்தது. பெண் பிறந்த அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்தது, அப்புறம் இன்றைக்குத்தான்.

"உங்களுக்குப் பிடிச்சிருக்காம்மா?" என்று அவள் என்னிடம் கேட்டாள்.

"பாத்ரூம் இருட்டா இருக்கு."

"மேல ஒரு கண்ணாடி ஓடு போட்டா வெளிச்சம் அள்ளிக்கும்."

"இருட்டுன்னா இருட்டுதான்" என்றேன். வெளியே வரும்போது இவர் அந்தக் கனமான கதவை ஒரு தடவை தொட்டுவிட்டு வந்தார். அதைப் பார்த்து எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாவது வீட்டில் மொட்டை மாடியில் ஒரு தனி அறை. இவரும் அவளும் மேலே, நான் கீழே ஓனர் மனைவியின் மூட்டுவலிக் கதையைக் கேட்டுக்கொண்டு. மேலிருந்து இவர் சிரிப்புச் சத்தம் வந்தது. "படி செங்குத்தா இருக்கு, வேண்டாம்" என்றேன். மூன்றாவது வீட்டிலும் அதே கதை. பின்னால் தள்ளி ஒரு அறை, அதற்குக் கெட்டிக் கதவு. "சுவர்ல ஓதம்" என்றேன். ஓதம் இருந்ததா இல்லையா என்று நான் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

என் காதில் யாரும் பூச்சுற்ற முடியாது. மூன்று வீடு, மூன்றிலும் தனியாக ஒரு அறை. நான் கேட்ட தண்ணீரிலும் வெயிலிலும் அது இல்லையே. அப்படியானால் இவர்தான் கேட்டிருக்கிறார். கதவைச் சாத்திக்கொள்ள ஓர் அறை. யாரிடமிருந்து சாத்திக்கொள்ள? வீட்டில் இருப்பது நான் ஒருத்திதான்.

அன்றைக்கு இரவு வழக்கம்போல வலது பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். என்னோடு ஒரே அறையில் இருக்கப் பிடிக்கவில்லை என்றால் அதை என் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுதானே? இத்தனை வருஷம் பொங்கிப் போட்டவளிடம் சொல்லாததை, சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தவளிடம் சொல்லியிருக்கிறார். அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. இவர் தனியாகப் படுக்கட்டும், தலைகீழாக நிற்கட்டும், அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அவளுக்கு முதலில் தெரிந்துவிட்டதே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதேன், அப்படியாவது திரும்பட்டும் என்று. திரும்பவில்லை.

கடவுள் இருக்கிறார் என்று நான் நம்பியது அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான். காலையில் லேபில் அடுத்த சீட்டை எடுத்துக் கூப்பிட்டால், உள்ளே வருவது சாவிக்காரி. வெறும் வயிற்றில் சர்க்கரைப் பரிசோதனை.

"அட, நீங்க இங்கயா வேலை பாக்கறீங்க?" என்று சந்தோஷமாக உட்கார்ந்து கையை நீட்டினாள்.

முழங்கைக்கு மேலே பட்டையைக் கட்டினேன். கொஞ்சம் இறுக்கியே கட்டினேன். "விரல மடக்குங்க" என்றேன். ஊசியின் மூடியைக் கழற்றினேன். அப்புறம் கேட்டேன்.

"எங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

அவள் ஊசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னம்மா, குத்தறதுக்கு முன்னாடி மிரட்டறீங்க?" என்று சிரித்தாள்.

"குத்தினப்புறமும் கேப்பேன்."

குத்தினேன். நரம்பு கிடைக்கவில்லை. எனக்கு! கைக்குழந்தைக்குக்கூட ஒரே குத்தில் எடுக்கிறவள் என்று டாக்டர்களே என்னைத் தேடி அனுப்புகிறார்கள். குத்தின இடம் நீலமாக எழும்பியது. "ஐயோ, மன்னிச்சுக்குங்க" என்றேன். அவள் முகம் சுளிக்காமல் அடுத்த கையை நீட்டினாள். அந்தப் பொறுமையைப் பார்த்தும் எனக்குப் பொறாமைதான் வந்தது.

"தனி ரூம் வேணும்னு கேட்டாரா?" என்றேன். "எங்கிட்டேருந்து தள்ளியா?"

"ஒருத்தர் சொன்னத இன்னொருத்தர்கிட்ட சொல்ல மாட்டேம்மா. நீங்க என்ன சொன்னீங்கன்னு அவரும்தான் கேட்டாரு. நான் சொல்லலையே."

"அவரா? என்னப் பத்தியா?"

"ஆமா. நாலஞ்சு தடவ கேட்டாரு."

என்னிடம் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேனே என்று நினைத்துக்கொண்டு ரத்தம் எடுத்தேன். இந்தத் தடவை ஒழுங்காக வந்தது. "அவர எப்படிப் பேச வச்சீங்க? அதையாவது சொல்லுங்க" என்றேன்.

"வித்தையெல்லாம் ஒண்ணும் இல்ல. எதிர உக்காந்து ஒரு கேள்வி கேட்டேன். அப்புறம் வாய மூடிட்டு இருந்தேன்." பஞ்சை அமுக்கிக்கொண்டே எழுந்தாள். வாசலில் நின்று திரும்பினாள். "அந்த முதல் வீடு இருக்குல்ல, முட்டுச்சந்து வீடு, அதுக்கு வேற ஒரு பார்ட்டி வந்திருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள சரின்னு சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கே முடிச்சுத் தந்துடுவேன். சார்கிட்ட சொல்லிடுங்கம்மா, அவரு போன் எடுக்க மாட்டேங்கறாரு."

"சொல்றேன்" என்றேன். வேறு பார்ட்டியாம். எந்தப் புரோக்கர் வேறு பார்ட்டி இல்லை என்று சொல்லியிருக்கிறார்? இவருக்கு நான் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை. அந்தக் கதவும் அந்த அறையும் ஒழியட்டும் என்றுதான் சொல்லவில்லை.

ஆனால் வாயை மூடுகிற வித்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன். அவளால் முடியும் என்றால் என்னால் முடியாதா?

சாயங்காலம் டீ போட்டு மேஜையில் வைத்து, இவருக்கு எதிரே உட்கார்ந்தேன். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அப்பப்பா, சாதாரண வேலையில்லை அது! லேபில் மெஷின் நின்றுபோனது, பெண் போன் பண்ணினது, எதிர்வீட்டில் நடந்த சண்டை, எல்லாம் தொண்டைக்குள் முட்டிமோதிக்கொண்டு நின்றன. நாக்கு அரித்தது. டீயைக் குடித்து அதை உள்ளே தள்ளினேன்.

இவர் முதலில் கவனிக்கவில்லை. அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உடம்பு முடியலையா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்துபோய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து ஃபேனை நிறுத்தினார். "ஏதாவது சொன்னியா?" என்றார்.

மறுபடியும் தலையை ஆட்டினேன். வித்தை பலிக்கிறது என்று எனக்கு உள்ளுக்குள் குஷி. ஆனால் இவர் முகம் போகிற போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. நிறம் செத்துவிட்டது. லேபில் ரிசல்ட் காகிதத்தை வாங்கப் பயந்து நிற்கிறவர்களின் முகம் அது.

"அவங்க உன்கிட்ட சொல்லிட்டாங்களா?" என்றார்.

"எத?" என் வாய் தானாகத் திறந்துவிட்டது.

"என் காதப் பத்தி."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இடது காது போயி ரொம்ப நாளாச்சு. வலதுலயும் இப்ப பாதிதான். கடைல ஒருத்தர்தான் எதிர உக்காந்து பேசுவாங்க, உதட்டப் பாத்து சமாளிச்சுடுவேன். இங்க நீ அடுப்புகிட்ட நின்னு அந்தப் பக்கம் பாத்துட்டுப் பேசற. மிக்ஸி ஓடுது, ஃபேன் ஓடுது, தெருவுல வண்டி. உன் குரல் வர்றது தெரியும். என்ன சொல்றன்னு தெரியாது. அதான் ம் போடுவேன்."

"அந்த ரூம்..." என்றேன்.

"கதவ சாத்தினா வெளிச் சத்தம் வராத மாதிரி ஒரே ஒரு ரூம் இருந்தா போதும்னு அவங்ககிட்ட சொன்னேன். சாயங்காலம் ரெண்டு பேரும் அதுல உக்காந்துக்கலாம், நீ பேசுவ, எனக்கு முழுசாக் கேக்கும். அந்த முதல் வீட்ல அவங்க கதவ சாத்திட்டு மெதுவாப் பேசிக் காட்டினாங்க. ஒரு வார்த்தை விடாம கேட்டுச்சு."

இந்த இடத்தில் நான் உருகியிருக்க வேண்டும். உருகவில்லை. முதலில் வந்தது கோபம்தான். அந்த அறையில் இவர் காதில் முழுசாக விழுந்தது அவள் குரல். என் குரல் இல்லை. அது என்ன நியாயம்?

"எங்கிட்ட சொல்லாம அவகிட்டப் போய் சொன்னீங்களா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று கத்தினேன். அது நன்றாகவே கேட்டிருக்கும்.

"அவங்க யாரு? வீடு முடிஞ்சா சாவியக் குடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார். "உனக்குத் தெரிஞ்சா, இவனுக்குத்தான் கேக்கலையே, எதுக்கு வாய் வலிக்கப் பேசணும்னு நீ நிறுத்திடுவியோன்னு பயந்தேன். அப்புறம் அந்த வீட்ல எனக்கு என்ன இருக்கு? இன்னிக்கு நீ வந்து பேசாம உக்காந்ததும்..."

டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டார். காலி டம்ளர்.

நான் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். இன்னும் இருட்டவில்லை. சாயங்காலம் என்றால் இருட்டுகிறவரைக்கும் சாயங்காலம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சாவிக்காரி உடனே எடுத்தாள்.

"முட்டுச்சந்து வீடு எங்களுக்குத்தான், சரின்னு சொல்லிடுங்க" என்றேன்.

"அடடா, இப்பதாம்மா அவங்க வந்து முடிச்சுட்டுப் போறாங்க. உங்க போனுக்காக நான் ரொம்ப நேரம் அவங்கள உக்கார வச்சிருந்தேன். சார் வேண்டாம்னுட்டாரா?"

"இல்ல" என்றேன். "வேற அந்த மாதிரி..."

"அந்த மாதிரி ரூம் அமையறது கஷ்டம்மா. நான் தேடறேன்" என்றாள். அவள் குரலில் நிஜமான வருத்தம் இருந்தது. இவருக்காக வருத்தப்பட எனக்கு முன்னால் அவள் வந்து நிற்கிறாளே என்று அப்போதும் எனக்குச் சுருக்கென்றது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். ஹாலில் இவர் கழுத்தை நீட்டி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு? என்னவாம்?"

அடுப்பைப் பார்த்து நின்றுகொண்டு எதையாவது முணுமுணுத்திருந்தால் போதும், ஒரு "ம்" போட்டுவிட்டு விட்டிருப்பார். காலையில் என்னிடம் சொன்னதைச் சாவிக்காரி ஒருபோதும் சொல்ல மாட்டாள், அதுதான் அவள் வழக்கமாயிற்றே. வீட்டை வேறு யாரோ முந்திக்கொண்டு முடித்துவிட்டார்கள் என்று இவர் நினைத்துக்கொள்வார். எனக்கு இத்தனையும் ஒரு நொடியில் ஓடியது.

ஹாலுக்குப் போனேன். நாற்காலியை இழுத்து இவருடைய வலது பக்கத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்த முதல் வீடு போயிடுச்சு" என்றேன், ஒவ்வொரு வார்த்தையாக. "சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்கன்னு காலைலயே அவ எங்கிட்ட சொன்னா. நான் வேணும்னேதான் உங்ககிட்ட சொல்லல."

இவர் என் உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு" என்றார்.